அமுதத்தின் ஜீப் ஏன் நேராகப் போகவில்லை

பாகூரிலிருந்து குருவிநத்தம் போகிற சாலையில் எதிரே ஒரு பச்சை ஜீப் வந்தால், பைக்கில் போகிறவர்கள் ஓரம் கட்டி நின்றுவிடுவார்கள். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். சாலையில் எந்தப் பக்கம் வரப் போகிறோம் என்பது அந்த ஜீப்புக்கே தெரியாது என்று அங்கே ஒரு பேச்சு.

ஓட்டுகிறவர் அமுதம். வயது நாற்பத்தாறு. மூன்று காணி கரும்பும் ஒன்றரைக் காணி நெல்லும் அவர் பொறுப்பு. கணவர் ஜெகநாதன் பயிரின் நிறத்தைப் பார்த்தே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். ஆனால் வண்டியில் ஏறினால் அவருக்குக் குமட்டும். சைக்கிளுக்கு மேல் எதையும் தொட்டதில்லை. அதனால் வீட்டுக்குப் பவர் டில்லர் வந்த நாளில் அதன் கைப்பிடியைப் பிடித்தது அமுதம்தான். சேற்றில் திமிறுகிற அந்த இயந்திரத்தை இடமும் வலமும் இழுத்து இழுத்து ஓட்டிப் பழகியவர், ஏழு வருடம் முன்பு ஏற்காட்டுப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் ஏலத்துக்கு வந்த பழைய ஜீப்பை வாங்கினார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. கரும்புக் கரணை, உர மூட்டை, பழுதான மோட்டார், ஒருமுறை பிரசவ வலி எடுத்த அடுத்த தெருப் பெண் என்று அதில் ஏறாதது பாக்கியில்லை.

ஜீப் சாலையில் அலைவது அமுதத்துக்குத் தெரியாமல் இல்லை. யாராவது கேட்டால், "அது கொஞ்சம் டான்ஸ் ஆடும்பா, நீ தள்ளிப் போ" என்பார். அத்தோடு முடிந்தது. இந்த வருடம் ஊர்க் கோயில் முத்துமாரியம்மனுக்கு ஆற்றுக்குப் போக வண்டி இல்லை என்ற பேச்சு வரும்வரை.

தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் கரையில் இறங்கித் தீர்த்தவாரி காணும். அமுதத்தின் ஊர் அம்மன் இத்தனை காலம் டிராக்டர் டிரெய்லரில் போய் வந்தாள். டிராக்டர்காரர் அரியாங்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு குடிபோய்விட்டார். மற்ற டிராக்டர்கள் அறுவடையில் மாட்டிக்கொண்டிருந்தன. கோயில் நிர்வாகி சுப்பராயலு மார்கழியின் பாதியில் அமுதம் வீட்டு வாசலுக்கு வந்தார். உரக்கடை வைத்திருப்பவர். உரக்கடைத் தராசில் விளையாட்டாக ஏறி நின்றபோது நூற்றுப் பன்னிரண்டு கிலோ காட்டியது ஊருக்கே தெரியும்.

"அம்மனுக்கு உன் ஜீப்பு வேணும், அமுதம்."

"தாராளமா மாமா. எத்தினி மணிக்கு வரணும்?"

"நீ இன்னாத்துக்கு? ஜீப்பு வந்தா போதும். குழந்தைவேலு ஓட்டுவான்."

குழந்தைவேல் ஜெகநாதனின் சித்தப்பா மகன். ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். நல்ல பையன்தான், அமுதத்துக்கும் அவனைப் பிடிக்கும். ஆனால் இது வேறு விஷயம். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அமுதம் ஆற்றுத் திருவிழாவுக்குப் பால்குடம் ஏந்தி, டிரெய்லர் கிளப்பும் புழுதியைத் தின்றபடி பின்னால் நடந்தவர். சொந்த வண்டியில் அம்மன் போகும்போதும் பின்னால் நடப்பதா?

"ஜீப்பு வேணும்னா நானும் வேணும் மாமா. என் கையாலதான் அம்மன ஆத்துல எறக்குவேன்."

சுப்பராயலு தலையைச் சொறிந்தார். வேறு வண்டி இல்லை. சரி, ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடுவோம் என்றார்.

அடுத்த ஞாயிறு ஜீப்பின் பின்பக்கம் அம்மனின் மரப் பீடத்தை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். வழக்கம்போல் அம்மனோடு நிற்கிற ஆட்கள் ஏறிக்கொண்டார்கள். அமுதம் வண்டியை எடுத்தார். கோயில் வாசலிலிருந்து நூறு அடி நன்றாகப் போனது. பிறகு ஜீப் இடப்பக்கம் ஆசைப்பட்டது. அமுதம் வலம் இழுத்தார். அது வலப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே ஆசைப்பட்டது. இடம் இழுத்தார். தெருமுனையில் சவுக்குக் கம்பில் கட்டியிருந்த புத்தாண்டு வாழ்த்து ஃபிளெக்ஸ் மெதுவாகச் சாய்ந்து ஜீப்பின் பானெட்டில் படுத்துக்கொண்டது. அதில் கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தவர் சுப்பராயலு.

"என் மேலயே ஏத்திட்டியேம்மா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தெருவே சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் வழக்கு தொடங்கியது. கோளாறு வண்டியிலா, ஓட்டுகிறவர் கையிலா?

"வண்டி மலையெல்லாம் ஏறுன வண்டி. அதுல ஒரு குறையும் இல்ல. கையிலதான்" என்றார் சுப்பராயலு.

"கையில இல்ல மாமா. வண்டி தானா அலையுது."

"தானா அலையறதுக்கு அது இன்னா ஆடா மாடா?"

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மார்கழிக் கடைசி ஞாயிறு ஏரிக்கரைச் சாலையில் குழந்தைவேலும் அமுதமும் அதே ஜீப்பை ஓட்டிக் காட்ட வேண்டும். அவன் ஓட்டும்போது நேராகப் போய், அமுதம் ஓட்டும்போது அலைந்தால், சாவி குழந்தைவேலுக்கு. அமுதம் ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஜெகநாதன் மெதுவாகக் கேட்டார்:

"நெசமாவே வண்டிதானா, இல்ல…?"

"நீங்களுமா!"

மறுநாள் காலையிலேயே ஜீப் வில்லியனூரில் நின்றது. அங்கே வீல் அலைன்மெண்ட் கடை நடத்துகிறவர் ஜோஸ்பின். அமுதத்தைவிட நாலைந்து வயது சின்னவர். கையில் ஸ்பேனரும் காதில் பேனாவுமாக இருப்பார். ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார், கீழே படுத்துப் பார்த்தார், எழுந்து கையைத் துடைத்தார்.

"அக்கா, முன்னாடி ஸ்பிரிங்குல கமான் பட்டை எக்ஸ்ட்ரா போட்டிருக்கே. யாரு போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன். கொல்லையில கரும்புப் பார் மேடு வண்டி அடியில தட்டுச்சு. ஒரு பட்டை சேத்து ஏத்திக் குடுன்னேன்."

"அதான். சைக்கிளு முன் ஃபோர்க்கு நேரா நிக்காது, சாஞ்சி இருக்கும் பாத்திருக்கீங்களா? அந்தச் சாய்வாலதான் கைய வுட்டாக்கூட சைக்கிள் நேரா போவும். இதுக்கும் அந்த மாரி ஒரு சாய்வு உண்டு. நீங்க மூஞ்சியத் தூக்கி வுட்டதுல அது போயிடுச்சி. சக்கரத்துக்கு நடுவுக்கு வரணும்னு தோணவே மாட்டேங்குது."

அமுதத்துக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். "அப்ப வண்டிதான்! என் கை இல்ல!"

"வண்டிய செஞ்சவன் மேல தப்பில்லக்கா. செஞ்சத மாத்துனது நீங்க."

சந்தோஷம் பாதியாகக் குறைந்தது. ஜோஸ்பின் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி சரிந்த இரும்புத் தகட்டை வைத்து முடுக்கினார். போன சாய்வு திரும்ப வந்தது. பிறகு பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு, விழுப்புரம் சாலையில் ஓட்டச் சொன்னார். அரைக் கிலோமீட்டர் போனதும் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"இன்னாக்கா பண்றீங்க? மாவாட்டறீங்களா?"

"இன்னா?"

"ரோடு நேரா போவுது. உங்க கை நிமிசத்துக்கு நாப்பது வாட்டி ஆடுது. அது ஒரு விரக்கட போனா நீங்க ஒரு மொழம் இழுக்கறீங்க. எதுல ஓட்டக் கத்துக்கினீங்க?"

"பவர் டில்லர்ல."

ஜோஸ்பின் சத்தமாகச் சிரித்தார். "அது இழுக்கலன்னா போவாது. இது இழுத்தா போவாது. லேசா புடிங்க. கோழிக்குஞ்சு கையில இருக்குன்னு நெனச்சிக்கோங்க."

கை கேட்கவில்லை. இருபது வருடப் பழக்கம். இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகுதான் தோள் கொஞ்சம் இறங்கியது. ஜீப் சாலையின் நடுவில் நூல் பிடித்தது போலப் போனது. அமுதத்துக்கே நம்ப முடியவில்லை. ஏழு வருடத்தில் முதல் முறையாகச் சாலையோரம் இருந்த ஊர்ப் பலகைகளைப் படித்தார்.

கடைக்குத் திரும்பியதும் ஜோஸ்பின் ஒரு கேள்வி கேட்டார். "வெள்ளோட்டத்தன்னிக்கி ரொம்ப மோசமா அலஞ்சுதுன்னீங்களே, அன்னிக்கி வண்டில இன்னா இருந்துச்சி?"

"நானு. அப்பறம் அம்மன் பீடம். அவ்ளோதான்."

ஜோஸ்பின் புருவத்தைச் சுருக்கினார். பீடம் ஒன்றும் அப்படிப் பெரிய கனமில்லையே என்றார். அதற்குள் அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். ஐஸ்காரர் ஒருவர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்திருந்தார். கபடிக்குக் கோடு போடுகிற சுண்ணாம்பை எடுத்து வந்து, சாலை நடுவில் மதகுவரை நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தார்கள். பீடமும் கட்டியாகிவிட்டது.

முதலில் குழந்தைவேல். அவன் தினமும் ஓட்டுகிறவன், அவனிடம் பார்க்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் ஓரத்திலேயே நின்றார்கள். அவன் தனியாக ஏறி மதகுவரை போய்த் திரும்பி வந்தான். சுண்ணாம்புக் கோடு கலையவில்லை. கைத்தட்டல்.

"நல்லாத்தான் அண்ணி போவுது" என்று சாவியை நீட்டினான், கொஞ்சம் சங்கடத்தோடு.

"போவும் தம்பி. இப்ப என்னப் பாரு."

"இரு இரு. கைய பக்கத்துலேந்து பாக்கணும்" என்றார் சுப்பராயலு. பின்னால் ஏறினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள். தெருவுக்கு ஒருவர் வீதம் ஒன்பது பேர், பீடத்தைச் சுற்றிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரவர் இடத்தில் நின்றார்கள். அமுதம் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தார். தோளைத் தளர்த்தினார். கியர் போட்டார்.

ஜீப் போதை ஏறினாற்போல அலைந்தது.

"பாத்தியா! பாத்தியா!" என்று ஒன்பது குரல். ஓரத்தில் நின்ற கூட்டம் சிரித்தது. கோடு எங்கோ இருந்தது, ஜீப் எங்கோ இருந்தது. அமுதத்துக்குக் காது சூடாகிவிட்டது. பாதி தூரத்தில் நிறுத்தினார். அவ்வளவுதான், சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று கையைக் கொண்டுபோனவர், எதிரே பார்த்தார். மதகின் வெள்ளைக் கல்லைக் காணோம். அந்த இடத்திலிருந்து பார்த்தால் பானெட்டுக்கு மேலே அது தெரிய வேண்டும். இப்போது வானம்தான் தெரிந்தது. ஜீப் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அமுதம் திரும்பிப் பின்னால் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒன்பது. சுப்பராயலுவை ஒன்று என்று எண்ணுவது நியாயமில்லை.

"எறங்குங்க."

"இன்னா?"

"எல்லாரும் எறங்குங்க மாமா. அஞ்சு நிமிசம்."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். மதகுக் கல் பானெட்டுக்கு மேலே மெல்ல எட்டிப் பார்த்தது. அமுதம் ஓட்டினார். மதகுவரை போய்த் திரும்பினார். சக்கரங்களுக்கு நடுவே கோடு அப்படியே இருந்தது.

"தம்பி, இப்ப நீ ஒக்காரு. நீங்கள்ளாம் மறுபடி ஏறுங்க."

குழந்தைவேல் ஓட்டினான். ஐம்பதடி போவதற்குள் ஜீப் கோட்டை விட்டு இடப்பக்கம் இறங்கி, ஏரிக்கரைப் புல்லில் மேய்ந்தது. பின்னால் நின்றவர்களில் இருவர் கீழே குதித்துவிட்டார்கள். ஐஸ்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"அண்ணி, முன்சக்கரம் தரையிலேயே இல்லாத மாரி இருக்கு!" என்று இறங்கியவன், சாவியை அவர் கையிலேயே வைத்தான். "தார் ரோட்டுக்கே இந்தப் பாடு. மணல்ல எனக்குச் சுத்தமா பழக்கம் இல்ல. நீங்களே ஓட்டுங்க."

அமுதம் ஜோஸ்பினுக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டார்.

"ஜோஸ்பின், பின்னாடி ஒம்போது பேரு நிக்கிறாங்க. அதான் அலையுது."

"ஒம்போது பேரா! அன்னிக்கிக் கேட்டனே, பீடம் மட்டுந்தான்னீங்க?"

"அவங்க எப்பவும் நிக்கிறவங்க. அவங்கள யாரு கணக்குல எடுத்தா!"

ஊரே கேட்டது. பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரமானது. உண்மை அதுதான். அம்மனோடு தெருவுக்கு ஒருவர் நிற்பது அந்த ஊர் மரியாதை. டிரெய்லர் காலத்தில் அதனால் தொந்தரவு இல்லை. அம்மனுக்குப் பின்னால் வளைந்து நிற்கிற திருவாச்சி எப்படியோ அப்படி அந்த ஒன்பது பேர். திருவாச்சிக்காவது கனம் உண்டென்று எல்லோருக்கும் தெரியும்.

"கனமெல்லாம் வாலுல போனா மூக்கு தூக்கிக்கும்க்கா. முன்சக்கரத்துக்குப் புடி இருக்காது, எந்த டிரைவர் ஓட்டுனாலும் அலையத்தான் செய்யும். ஆளுங்கள எறக்குங்க. முடிஞ்சா நல்லா கனமா ஒருத்தர முன்சீட்டுல ஒக்கார வையுங்க" என்றது போன்.

அத்தனை பேரும் ஒரே திசையில் பார்த்தார்கள்.

"இன்னா என்னப் பாக்கறீங்க?" என்றார் சுப்பராயலு.

பேச்சு சுலபமாக முடியவில்லை. பாட்டன் காலத்திலிருந்து நிற்கிற உரிமை, எங்கள் தெரு மட்டும் நடப்பதா, அப்படியென்றால் முறை வைத்து இரண்டிரண்டு பேராக நிற்கலாமா என்று இழுத்துக்கொண்டே போனது. சுப்பராயலுவின் மனைவி பவுனம்மாள் குறுக்கே வந்தார். அவரும் கணவருக்குச் சளைத்த உடம்பில்லை.

"பொம்பளைங்க நாங்க இத்தினி வருசமா பால்கொடத்தத் தூக்கினு நடக்கலயா? வெறுங்கைய வீசினு நடக்க உங்களுக்கு இன்னாயா கேடு?" என்றார்.

தெருக்காரர்கள் நடக்க ஒப்புக்கொண்டார்கள்.

தை ஐந்தாம் நாள். பூ அலங்காரத்தில் அம்மன் பின்னால், ஸ்டியரிங்கில் அமுதம், பக்கத்து இருக்கையில் கோயில் நிர்வாகி சுப்பராயலு. எட்டுத் தெருக்காரர்கள் மேளத்தோடு முன்னால் நடந்தார்கள். நடப்பது அவர்களுக்குப் பிடித்துப்போனது போலத் தெரிந்தது, வழியில் ஆட்டமே போட்டார்கள். தார்ச் சாலையில் ஜீப் அடக்கமாகப் போனது. இவ்வளவு நேராகப் போவதைப் பார்க்க வேண்டுமென்றே சிலர் பைக்கை நிறுத்தினார்கள்.

சோதனை ஆற்றுக்குள் இருந்தது. கரையிலிருந்து தண்ணீர்வரை மணல். முந்தைய வண்டிகள் போன தடம் இரண்டு வாய்க்கால் போலக் கிடந்தது. அமுதம் நான்கு சக்கர இழுவையைப் போட்டு இறங்கினார். தடத்துக்குள் விழுந்ததுமே ஸ்டியரிங் கைக்குள் தானாக இப்படியும் அப்படியும் திரும்பத் தொடங்கியது.

"திருப்பு! திருப்பு! வலப்பக்கம் போவுது!" சுப்பராயலு முன்கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார்.

பழைய அமுதமாக இருந்தால் ஒரு முழம் இழுத்திருப்பார். இழுத்திருந்தால் சக்கரம் தடத்தின் விளிம்பில் ஏறி, அம்மனோடு வண்டி சாய்ந்திருக்கும். அவர் விரல்களைத் தளர்த்தினார். ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் உருண்டது. சக்கரம் தடத்தைத் தானே தேடிக்கொண்டது. கால் மட்டும் ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தது.

"கைய வுட்டுட்டியேம்மா!"

"வுடல மாமா. கண்ண மூடிக்கோங்க."

மூடிக்கொண்டார். திறந்தபோது முன்சக்கரம் தண்ணீரில் நின்றது. வாணம் வெடித்தது. அமுதம் இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பக்கம் பீடத்தைப் பிடித்து அம்மனை ஆற்றில் இறக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆற்றுத் தண்ணீர்தான் தெளித்தது என்று பிற்பாடு ஜெகநாதனிடம் சொன்னார்.

பக்கத்து ஊர்க்காரர்கள் சுப்பராயலுவைச் சூழ்ந்துகொண்டார்கள். இந்த மணலில் எங்கள் டிரெய்லரைப் பதினைந்து பேர் தள்ளினோம், உங்கள் வண்டி எப்படி இப்படி வந்தது என்று கேட்டார்கள்.

"வண்டி நல்ல வண்டிபா" என்றார் சுப்பராயலு பெருமையாக.

அமுதம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அலஞ்சா என் கை, நேரா போனா வண்டியா மாமா?"

"ஓட்டுனதும் நல்லாத்தான் ஓட்டுன" என்றார் சுப்பராயலு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

தீர்த்தவாரி முடிந்து அம்மனைத் திரும்ப ஏற்றியாயிற்று. இனி கரை ஏற வேண்டும். செங்குத்தான மேடு. ஏறும்போது மூக்கு இன்னும் தூக்கும், முன்னால் இன்னொரு கனம் வேண்டும் என்றார் அமுதம். சொல்லி வாயை மூடுவதற்குள் எட்டுத் தெருக்காரர்களும் ஓடி வந்தார்கள். என் தெரு, உன் தெரு என்று ஜீப்பின் கதவருகே தள்ளுமுள்ளு. அமுதம் அவர்களை ஒவ்வொருவராகத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். யாரும் தேறவில்லை.

"பவுனம்மா அத்த!" என்று கூட்டத்துக்குப் பின்னால் பார்த்துக் கூப்பிட்டார். "கொடத்த இந்தத் தெருக்காரங்ககிட்ட குடுத்துட்டு வாங்க. மாமா, கொஞ்சம் நவுந்து ஒக்காருங்க."